நிற்கும் வண்டி தின்னும் கரண்ட்

நவம்பர் 12, புதன்

வண்டி மறுபடியும் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் மீட்டர் விளக்குகள் மங்குகின்றன, பானெட்டுக்குள் சோலனாய்டு ‘டகடக’வென்று அடித்துக்கொள்கிறது, செல்ஃப் மோட்டார் மட்டும் சுற்ற மறுக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் மார்க்கெட் போய்வந்து நிறுத்தியது. நடுவில் யாரும் தொடவில்லை. போன மாதமும் இதே கதை. எதிர் வீட்டுப் பையன் நண்பர்களைக் கூட்டிவந்து தள்ளிக்கொடுத்தான். ஆனால் அதற்கும் முன்னால், ஆயுதபூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பியபோது, ஒரு வாரம் நின்ற வண்டி முதல் திருப்பலிலேயே எடுத்தது. எப்போதும் கெட்டுக்கிடக்கும் வண்டியைக்கூட மன்னிக்கலாம். நாள் பார்த்துக் கெடும் வண்டியை என்ன செய்வது? ஆட்டோ பிடித்துப் பள்ளிக்கூடம் போனேன்.

2003 மாடல், சின்ன பெட்ரோல் கார். தம்பி வாங்கி ஓட்டியது. சிங்கப்பூரில் வேலை கிடைத்ததும் எங்கள் வாசலில் விட்டுப்போனான். 35 ஆம்பியர் அவர் பேட்டரி. வாரத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ எடுப்போம், அதுவும் ஐந்தாறு கிலோமீட்டருக்குள்.

சாயங்காலம் வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். “புது பேட்டரி போட்டா முடிஞ்சுது. இதுக்குப் போய் ஆராய்ச்சியா?”

“போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க. அந்தப் புது பேட்டரிதான் இது.”

அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அம்பாசடர் காலத்தில் டிக்கியில் ஹேண்டில் கிடக்கும், முன்னால் செருகி ஒரு சுற்றுச் சுற்றினால் எடுத்துவிடும் என்று பழைய கதையை ஆரம்பித்தார். அந்த ஹேண்டிலுக்கு முடிவு கட்டத் தொடங்கியவர் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர்; அவருடைய மின்சார செல்ஃப் ஸ்டார்ட்டர் 1912-இல் காடிலாக் கார்களில் வந்தது. அன்றிலிருந்து காரோட்டியின் உயிர் பேட்டரியில் தொங்குகிறது. ஹேண்டில் சுற்றினால் தோள்பட்டை வலிக்கும், ஆனால் ராத்திரியில் யாரும் அதிலிருந்து எதையும் உறிஞ்ச முடியாது என்றார் வீட்டுக்காரர். அது சரிதான்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய மல்டிமீட்டர் வீட்டில் இருக்கிறது. பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தேன். 11.8 வோல்ட். 12 வோல்ட் பேட்டரி என்பது பேச்சுக்குத்தான். உள்ளே ஆறு செல், செல்லுக்கு 2.1 வோல்ட், ஆக 12.6. முழு சார்ஜோடு சும்மா இருக்கும் பேட்டரி 12.6-க்குக் குறையாமல் காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு; 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால். 11.8 வந்தால் கஜானா காலி. நிறைவுக்கும் பாதிக்கும் நடுவே அரை வோல்ட்கூட இல்லை என்பதை மாணவர்கள் நம்பவே மாட்டார்கள். “12 காட்டுதே மிஸ், நல்லாத்தானே இருக்கு” என்பார்கள். பேட்டரி கடைக்காரர்கள் சிலரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நவம்பர் 14, வெள்ளி

எலக்ட்ரீஷியன் பாய் கடை கேம்ப் ரோடு பக்கம் ஒரு சந்தில். நேற்று எதிர் வீட்டுப் பையன் பேட்டரியைக் கழற்றி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தான். பாய் ஸ்லோ சார்ஜில் போட்டிருந்தார். 35 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு மூன்றரை ஆம்பியர் சார்ஜ், கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு. அவசரத்துக்கு வேகமாக ஏற்றினால் பிளேட் கெடும் என்பது அவர் கட்சி.

இன்று நான் போனபோது ஆறு மூடியையும் திறந்து வைத்து ஹைட்ரோமீட்டர் விட்டுக்கொண்டிருந்தார். ரப்பர் குமிழை அழுத்திவிட்டால் கண்ணாடிக் குழாய்க்குள் அமிலம் ஏறுகிறது. உள்ளே மிதவை எழும்பி ஆடி நிற்கிறது. ஆறு செல்லிலும் ஒரே அளவு. நம்மூர் வெயிலுக்கு முழு சார்ஜ் அடர்த்தி அதுதான். குளிர் நாடுகளில் 1.280 வரைக்கும் வைப்பார்கள். இங்கே அவ்வளவு காரம் வைத்தால் பிளேட் சீக்கிரம் அரித்துப்போகும்.

“ஒரு செல் மட்டும் இறங்கி நின்னா பேட்டரி மேல பழி போடலாம் டீச்சரம்மா. ஆறும் ஒண்ணா நிக்குது. பேட்டரி நல்லாத்தான் இருக்கு. வண்டியில எதுவோ தின்னுது.”

நான் காரைக்குடியில் படித்தவள். அங்கே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்தது. 1948-இல் அடிக்கல், 1953-இல் திறப்பு. கல்லூரியிலிருந்து அங்கே கூட்டிப்போனபோதுதான் முதன்முதலில் ஒரு பேட்டரி பிளேட்டைக் கையில் பிடித்துப் பார்த்தேன். கஸ்டன் பிளாண்டே 1859-இல் செய்த அதே ஈயமும் கந்தக அமிலமும்தான் இன்றைக்கும் காரில் உட்கார்ந்திருக்கிறது. சார்ஜ் இறங்கும்போது இரண்டு பிளேட்டிலும் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் போட்டுவைத்தால் படிகம் பெரிதாகி இறுகிவிடும், பிறகு எந்த சார்ஜருக்கும் மசியாது. இன்வெர்ட்டர் பேட்டரியின் தடித்த டியூபுலர் பிளேட் ஆழமாக இறங்கி ஏறுவதைத் தாங்கும். கார் பேட்டரியின் பிளேட் மெலிசு; ஒரு நொடியில் நூறு ஆம்பியருக்கு மேல் வாரிக் கொடுக்கத்தான் அது பிறந்தது. அதைக் காலியாக்கிக் காலியாக்கி ஏற்றினால் ஆயுள் பாதியாகும். போன பேட்டரியை நாங்கள் அப்படித்தான் தீர்த்திருப்போம்.

நவம்பர் 16, ஞாயிறு

பேட்டரியை வண்டியில் வைத்தாயிற்று. ஆனால் நெகட்டிவ் வயரை மாட்டவில்லை. வகுப்பில் கட்டுப்பாட்டுச் சோதனை என்று சொல்லிக்கொடுப்பதை வீட்டில் செய்யாவிட்டால் எப்படி? முதலில் பேட்டரி தானாக இறங்குகிறதா என்று தெரிய வேண்டும். மீட்டர் 12.64 காட்டியது.

நவம்பர் 18, செவ்வாய்

12.63. பேட்டரி நிரபராதி.

இந்த வகை பேட்டரி சும்மா இருந்தாலும் மாதத்துக்குச் சில சதவீதம் தானாக இறங்கும், வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. இரண்டு நாளில் அது மீட்டரில் தெரியாது. இரவு எட்டு மணிக்கு நெகட்டிவ் வயரை மாட்டினேன். வண்டியைப் பூட்டிவிட்டேன், சாவி ஆணியில்.

நவம்பர் 19, புதன்

இரவு எட்டு மணிக்கு 12.53.

ஒரு நாளில் 0.1 வோல்ட். முழு சார்ஜிலிருந்து சுமார் எட்டில் ஒரு பங்கு போயிருக்கிறது. 35-இல் எட்டில் ஒன்று நாலு ஆம்பியர் அவருக்குக் கொஞ்சம் மேலே. அதை 24 மணி நேரத்தால் வகுத்தால் 0.18 ஆம்பியர். வோல்ட்டை வைத்துப் போடும் கணக்கு உத்தேசம்தான், ஆனாலும் தேடும்போது எதை எதிர்பார்ப்பது என்று ஓர் எண் கையில் இருப்பது நல்லது.

நிற்கும் வண்டி எதுவும் தின்னாமல் இருக்காது. கடிகாரம் ஓட வேண்டும், ஸ்டீரியோவுக்கு ஸ்டேஷன் ஞாபகம் இருக்க வேண்டும், என்ஜின் கம்ப்யூட்டருக்குத் தன் நினைவு இருக்க வேண்டும். அதெல்லாம் சேர்த்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் நியாயமான பங்கு. எங்கள் வண்டியில் அதைப்போல் பல மடங்கு. நாலைந்து நாள் நின்றால் பாதி பேட்டரி காலி. எங்கள் குட்டி ஓட்டங்களில் பேட்டரி என்றைக்குமே முழுசாக ஏறியிருக்காது; முக்காலில் தொடங்கினால் புதன்கிழமை காலையில் ‘டகடக’தான்.

மழை. பள்ளிகளுக்கு நாளை விடுமுறை என்கிறார்கள்.

நவம்பர் 22, சனி

வெயில் எட்டிப்பார்த்தது. வேலையைத் தொடங்கிவிட்டேன்.

முதலில் கண்ணுக்குத் தெரியும் திருடர்கள். டிக்கி விளக்கு மூடியபிறகும் எரிகிறதா என்று பார்க்க, செல்போனை வீடியோவில் ஓடவிட்டு உள்ளே வைத்து மூடினேன். இருட்டு. கதவு விளக்கு ஒழுங்காக அணைகிறது. 5 வாட் பல்பு ஒன்று அணையாமல் இருந்தால் 0.4 ஆம்பியர் இழுக்கும், ஒரே நாளில் பத்து ஆம்பியர் அவர் போய்விடும். நம் திருடன் அவ்வளவு பேராசைக்காரன் கிடையாது.

அடுத்தது மீட்டரை வரிசையில் சேர்ப்பது. பாய் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “மீட்டர் ஒயரை 10 ஆம்பியர் ஓட்டையில குத்துங்க. மீட்டர் மாட்டியிருக்கறப்ப சாவியைப் போட்டுராதீங்க டீச்சரம்மா. செல்ஃப் அடிச்சீங்கன்னா மீட்டர் குப்பைக்குத்தான்.” மலிவு மீட்டர்களில் அந்த 10 ஆம்பியர் துளைக்குப் பியூஸே கிடையாது, துளைக்குப் பக்கத்தில் அதைச் சின்ன எழுத்தில் அச்சடித்தும் இருப்பார்கள், யாரும் படிப்பதில்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு அப்புறம் மீட்டரை மாட்டினால் நடுவில் வண்டிக்குக் கரண்ட் நின்றுபோகிறது. கம்ப்யூட்டர் நிறைய உள்ள புது வண்டிகள் கரண்ட் திரும்பியதும் விழித்துக்கொள்ளும். தூங்கப் போக அரை மணி நேரம்கூட ஆகும். அதுவரை மீட்டர் காட்டுவதெல்லாம் பொய். ஆகவே வயர் மாட்டியிருக்கும்போதே மீட்டரின் ஒரு கிளிப்பைப் பேட்டரி முனையிலும் இன்னொன்றை வயரின் கிளாம்பிலும் பிடிக்கவிட்டு, பிறகு கிளாம்பை மெதுவாகத் தூக்கிவிட வேண்டும். கரண்ட் அறுபடாமல் மீட்டர் வழியாகத் திரும்பிக்கொள்ளும். எங்கள் வண்டியில் தூங்கி விழிக்க அதிகம் கிடையாது. ஆனாலும் நாள் பார்த்து வரும் கோளாறை நடுவில் கலைத்துவிடக் கூடாது.

கிளாம்பைத் தூக்கினேன். 0.18.

உத்தேசக் கணக்கும் மீட்டரும் ஒத்துப்போன சந்தோஷத்தில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “ஆக மொத்தம் லீக் இருக்கு. எங்கேன்னு சொல்லு” என்றார்.

பியூஸ் பாக்ஸ் ஸ்டியரிங்குக்குக் கீழே. டிரைவர் கதவை முன்பே திறந்துவைத்து, அதன் ஸ்விட்சை டேப் ஒட்டி அமுக்கிவிட்டிருந்தேன், உள் விளக்கு கணக்கைக் கெடுக்காமல் இருக்க. குனிந்து, குறுக்கே தொங்கிய வயர்க் கற்றையை ஒதுக்கினேன். வெளியே நின்று மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், “ஏய், 0.03 ஆயிடுச்சு. என்ன பண்ணின?” என்று கத்தினார். ஒன்றும் செய்யவில்லை, கற்றையை நகர்த்தினேன், அவ்வளவுதான். விட்டேன். 0.18. இழுத்தேன். 0.03.

ஆயுதபூஜைக்கு ஒரு வாரம் நின்றும் எடுத்ததற்கு விளக்கம் கிடைத்துவிட்டது. அந்த வாரம் வண்டி 0.03-இல் நின்றிருக்கிறது.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குப் பிடித்த இடம் இதுதான். மீட்டர் காட்டியது இரண்டே எண்கள். நடுவில் எதுவும் இல்லை. ஈரத்திலும் அழுக்கிலும் ஊறும் கசிவாக இருந்தால் எண் அலைபாயும், மழைக்கு ஏறும், வெயிலுக்கு இறங்கும். இது அப்படி இல்லை. 0.15 ஆம்பியர் முழுசாகச் சேர்கிறது, முழுசாகப் போகிறது. ஏதோ ஒரு உருப்படியான சாதனம் எங்கோ ஆனாகி ஆஃப் ஆகிறது. அதன் மின்தடை என்ன? ஓம் விதி பத்தாம் வகுப்புப் பாடம். 12.6-ஐ 0.15-ஆல் வகுத்தால் 84 ஓம்.

84 ஓம் உள்ள பொருள் காரில் என்ன இருக்கிறது? 5 வாட் பல்பாக இருந்தால் முப்பது ஓம் பக்கம் வந்திருக்கும். திருட்டு அலாரத்தில் மின்னும் எல்.இ.டி. சில மில்லி ஆம்பியர்தான் குடிக்கும். ஆல்டர்னேட்டருக்குள் டயோடு பழுதாகி ஒழுகினால், டாஷ்போர்டுக்குக் கீழே வயரை இழுத்ததற்கெல்லாம் நிற்காது. ஹார்னுக்கும் விளக்குக்கும் போடும் சாதாரண 12 வோல்ட் ரிலேயின் காயில் 80, 90 ஓம் இருக்கும்.

ரிலே. எங்கோ ஒரு ரிலே இரவும் பகலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

நவம்பர் 23, ஞாயிறு

எந்த ரிலே? பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மீட்டரைப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. பிடுங்கும்போது கற்றை அசைந்து கோளாறு ஒளிந்துகொள்ளும் என்பதால் பிடுங்காமலே பார்த்தேன். பிளேடு பியூஸ் எல்லாவற்றின் முதுகிலும் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் திறந்தே இருக்கும், இதற்காகத்தான். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அந்தப் புள்ளிகளைத் தொட வேண்டும். சிவப்பு 10 ஆம்பியர் பியூஸின் மின்தடை ஏறத்தாழ 7, 8 மில்லி ஓம். 0.15 ஆம்பியர் அதன் வழியே ஓடினால் ஒரு மில்லிவோல்ட் சொச்சம் காட்டும். கரண்ட் ஓடாத பியூஸ் சுத்தமாகச் சைபர்.

சிவப்பு, நீலம், மஞ்சள், எல்லாம் சைபர். ஸ்டீரியோ பியூஸில் மட்டும் கடைசி இலக்கம் 0.1-க்கும் சைபருக்கும் நடுவே சிமிட்டியது. அது ஞாபகத்துக்கான நியாயக் கூலி. ஆக, திருடன் பியூஸ் பாக்ஸ் வழியாக வரவில்லை. கம்பெனி போட்ட வயர் பெரும்பாலும் பியூஸ் வழியாகத்தான் போகும். பின்னால் யாரோ நேராகப் பேட்டரியிலிருந்து இழுத்திருக்கிறார்கள்.

பாய்க்குப் போன் போட்டேன். ரிலே என்று சொன்னதும் அவர் யோசிக்கவே இல்லை. “பேட்டரி வயரைத் தூக்கி வெச்சிட்டு மறுபடி தொடுங்க. தொடறப்ப காதை வெச்சுக் கேளுங்க.”

தெரு அடங்கட்டும் என்று இரவு பத்தரை வரை காத்திருந்தேன். மீட்டரை எடுத்துவிட்டு, கிளாம்பைத் தூக்கி, மறுபடி முனையில் வைத்தேன். பொட்டு வெடி போல ஒரு பொறி. கூடவே இடது பக்க ஹெட்லைட்டுக்குப் பின்னாலிருந்து மெல்லிய ‘டிக்’. தூக்கினால் இன்னொரு ‘டிக்’. எதிர் வீட்டு மாடியிலிருந்து பையன் எட்டிப்பார்த்து, “ஆன்ட்டி, ஏதாவது ஹெல்ப் வேணுமா?” என்றான். சத்தம் போடாமல் இரு, அதுதான் ஹெல்ப் என்றேன்.

நவம்பர் 24, திங்கள், விடியற்காலை

ஐந்து மணிக்கே எழுந்துவிட்டேன். ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் பானெட்டுக்குள் எல்லாம் ஈரச் சில்லிப்போடு இருக்கிறது. 12.6 வோல்ட், 0.15 ஆம்பியர், பெருக்கினால் கிட்டத்தட்ட 2 வாட். கட்டைவிரல் அளவுப் பெட்டிக்குள் 2 வாட் இரவெல்லாம் எரிந்தால் சூடு இருந்தே தீர வேண்டும். ஹெட்லைட்டுக்கும் பேட்டரித் தட்டுக்கும் நடுவே விரலை விட்டுத் துழாவினேன். சில்லென்ற தகரம், சில்லென்ற ஹார்ன், பிசுபிசுப்பான டேப் சுற்று. அதற்கும் கீழே, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, கறுப்பாக, கதகதப்பாக ஒரு ரிலே.

சாக்கெட்டிலிருந்து உருவினேன். மீட்டர் 0.03. திரும்பச் செருகினேன். ‘டிக்’, 0.18. உருவிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். பத்தாம் வகுப்புக்கு இன்றைக்குப் பாடம் அதுதான். லேப் மீட்டரில் காயில் முனைகளை அளந்த மாணவி 83 என்றாள். வகுப்பே கைதட்டியது. புத்தகத்தில் ஒரு கணக்குக்கும் இப்படிக் கைதட்டல் கிடைத்ததில்லை.

நவம்பர் 29, சனி

ரிலேயை உருவியதோடு லீக் நின்றுவிட்டது. ஆனாலும் அது எதற்காக இருந்தது என்று தெரியாமல் விட மனசில்லை. பாய் கடைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன்.

ரிலே சாக்கெட்டின் நான்கு கால்களுக்கும் எண் உண்டு. ஜெர்மன்காரன் போட்ட நம்பரை உலகமே பின்பற்றுகிறது. 30 என்பது பேட்டரியிலிருந்து நேராக வருவது. 87 சாதனத்துக்குப் போவது. 85, 86 இரண்டும் காயிலின் முனைகள். பாய் டேப்பைப் பிரித்தார். 30-இலிருந்து 86-க்கு ஒரு துண்டு வயரில் லூப். அதாவது காயிலின் ஒரு முனைக்கு எப்போதும் பேட்டரி. மறுமுனை 85-இலிருந்து ஒரு பச்சை வயர் என்ஜின் தடுப்புத் தகட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. 87-இலிருந்து கிளம்பும் தடித்த வயர் பம்பர் வரைக்கும் போய், டேப் சுற்றி, அந்தரத்தில் முடிகிறது. எதையும் எரிக்காத ரிலே.

“இது ஃபாக் லேம்ப் லைன் டீச்சரம்மா. லேம்ப் எங்க?”

லேம்ப் எங்கே! தம்பியை வாட்ஸாப்பில் பிடித்தேன். “ஆமாக்கா, கொடைக்கானல் போறப்ப பனிக்குன்னு போட்டேன். அப்புறம் ஒரு லாரிக்காரன் இடிச்சு பம்பர் போச்சு. புது பம்பர் போட்டப்ப லேம்ப்பைக் கழட்டிட்டாங்க. வயரைக் கழட்டினாங்களான்னு நான் பாக்கலையே.” ஸ்விட்ச் எங்கேடா என்றால், கிளட்சுக்கு மேலே தடவிப் பார் என்கிறான். தடவினால் இருக்கிறது. இத்தனை வருஷம் என் கால் முட்டிக்கு மேலேயே இருந்திருக்கிறது.

சாவி இல்லாமலும் விளக்கு எரிய வேண்டும் என்பதற்காக அந்தக் காலத்தில் யாரோ இப்படி ஜோடித்திருக்கிறார்கள். ஸ்விட்சைப் போட்டால் பச்சை வயர் எர்த்தைத் தொடும், ரிலே இழுக்கும். குற்றம் அந்த ஜோடனையில்கூட இல்லை. தடுப்புத் தகட்டில் துளை போட்டவர் அதில் ரப்பர் புஷ் வைக்கவில்லை. வெட்டுத் தகட்டின் ஓரம் வருஷக்கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து வயரின் தோலை அறுத்துவிட்டது. பாய் டார்ச் அடித்துக் காட்டினார்: பச்சைத் தோலில் நகக்கண் நீளத்துக்கு ஒரு வெட்டு, உள்ளே செம்புக் கம்பிகள் இரண்டு மூன்று, தகட்டில் உரசிய இடம் மட்டும் பளபளப்பாக. வண்டியின் உடம்பு முழுக்க எர்த் என்பதால் அந்த உரசலே ஸ்விட்ச் போட்டதற்குச் சமம். வயர் எந்தப் பக்கம் சாய்ந்து நின்றதோ அதைப் பொறுத்து நம் புதன்கிழமைகள் அமைந்தன.

இதில் பயப்படவும் ஒரு விஷயம் இருக்கிறது. அறுபட்டது பச்சை வயராகப் போனதால் நடுவில் காயில் நின்று கரண்டை 0.15 ஆம்பியரில் மட்டுப்படுத்தியது. 30-ஆம் காலுக்கு வரும் சிவப்பு வயர் தகட்டில் உரசியிருந்தால் மட்டுப்படுத்த எதுவுமே இல்லை. அந்த லைனில் பியூஸும் இல்லை. பேட்டரியின் முழுப் பலமும் அந்த வயரில் இறங்கி, தீப் பிடித்திருக்கும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ் ஹோல்டர் வைக்க ஆகும் செலவு இரண்டு டீக்காசு. ஃபாக் லேம்ப் போட்ட கடை அதையும் மிச்சம் பிடித்திருக்கிறது.

பாய் முழு லைனையும் உருவிச் சுருட்டி என் கையில் கொடுத்தார். துளையை ரப்பர் மூடி வைத்து அடைத்தார். கையோடு ஸ்டீரியோவின் பின்பக்கத்தையும் இழுத்துப் பார்த்தார். அவரிடம் வரும் ‘பேட்டரி இறங்குது’ வண்டிகளில் அங்கேதான் முதலில் கை வைப்பாராம். ஸ்டீரியோவுக்கு மஞ்சள் வயர் எப்போதும் கரண்ட், ஞாபகத்துக்கு. சிவப்பு வயர் சாவி போட்டால் மட்டும். சாவி இல்லாமல் பாட்டுக் கேட்க வேண்டும் என்று கேட்பவர்களுக்காக இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிடுகிறார்கள். அப்புறம் செட் முழுசாகத் தூங்குவதே இல்லை. எங்களுடையது ஒழுங்காகத்தான் இருந்தது. 200 ரூபாய் வாங்கிக்கொண்டார், ரிலேயைக் கேட்டார். வகுப்புக்கு வேண்டும் என்று கொடுக்கவில்லை. புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் இதே ரிலே குவியலாகக் கிடைக்கும் என்று சிரித்தார்.

டிசம்பர் 7, ஞாயிறு

போன ஞாயிறு முழு சார்ஜோடு நிறுத்தி, வேண்டுமென்றே தொடாமல் விட்டிருந்தோம். இன்று 12.54. சாவியைத் திருப்பியதும் எடுத்தது. ஓடும்போது பேட்டரியில் 14.2, ஆல்டர்னேட்டரும் தன் வேலையைச் செய்கிறது.

0.03 ஆம்பியர் என்பதும் சும்மா இல்லை. வாரத்துக்கு 5 ஆம்பியர் அவர். கோளாறே இல்லாத எங்கள் சின்ன பேட்டரிகூட மூன்றரை வாரம் நின்றால் பாதிக்கு வந்துவிடும். வீட்டுக்காரர் இப்போது மீட்டரைக் கீழே வைப்பதில்லை. எதிர் வீட்டு வண்டி, மாடி வீட்டு வண்டி என்று அளந்துகொண்டு திரிகிறார்.

உங்கள் வண்டியும் இப்படி நாள் பார்த்து மக்கர் செய்தால், புது பேட்டரிக்குப் பணம் எடுப்பதற்கு முன்னால் சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் வயரைக் கழற்றி இரண்டு இரவு விட்டுப் பாருங்கள். வோல்ட் அப்படியே நின்றால் பேட்டரியைத் திட்டாதீர்கள். வண்டி வாங்கிய பின் பொருத்திய ஹார்ன், விளக்கு, கேமரா, லாக் என்று ஒவ்வொன்றின் வயரையும் எலக்ட்ரீஷியனைப் பின்தொடரச் சொல்லுங்கள். பேட்டரி வயரைக் கழற்றப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவை முதலில் தொட்டு, ஸ்பேனரின் மறுமுனை பாடியில் இடித்தால் ஸ்பேனரே உருகும். மாதக்கணக்கில் ஊருக்குப் போகிறவர்களும் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுப் போகலாம். சில ஸ்டீரியோக்கள் திரும்ப மாட்டும்போது ரகசிய எண் கேட்கும், அதை முதலில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வண்டியில் கடிகாரம் பன்னிரண்டிலிருந்து ஆரம்பிக்கும், எஃப்.எம். ஸ்டேஷன்கள் அழிந்திருக்கும். வேறு நஷ்டம் இல்லை.